பச்சை வண்டியின் பிரேக்

சர்வேயர் எந்த வண்டியில் இறந்தாரோ அந்த வண்டியைக் காவல் நிலையத்திலிருந்து எடுத்துவர அவருடைய மச்சான்தான் போக வேண்டியிருந்தது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். கடைத்தெருவின் கடைசியில் ஓர் அச்சகம் வைத்திருப்பவர். எல்லாரும் அவரை அச்சகக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

விசாரணை முடிந்து, வண்டியைக் கொண்டுபோகலாம் என்று தகவல் வந்ததும் அவருடைய தங்கை பக்கத்து வீட்டம்மா மூலம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லி அனுப்பினாள். "அந்த வண்டி என் வாசலுக்கு வரக்கூடாது." அண்ணனிடம் அவள் நேராகப் பேசுவதை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஆகவே அவர் ரெக்கவரி வண்டி பிடித்து, பச்சை பிக்கப்பைத் தூக்கிக்கொண்டு பழைய ஐஸ் ஃபேக்டரி கொட்டகைக்குப் போனார். இடது பக்க முகப்பு முழுக்க நசுங்கிப்போயிருந்தது. வலது பக்கம் மட்டும் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை கழுவித் துடைத்து நிறுத்தியது போல இருந்தது. அந்தப் பச்சை நிறம் சரியாக வருவதற்காக சர்வேயர் எத்தனை டப்பா பெயின்ட் கலந்து கொட்டினார் என்பது கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் கொட்டகையில் ஞாயிறுதோறும் கூடுகிற ஒரு சின்னக் கூட்டம் உண்டு. யாரும் தொழிலால் மெக்கானிக் இல்லை. இனி ஓடாது என்று கழித்துப் போட்டு, காட்டில் கிடக்கும் பழைய பிக்கப்புகளை வாங்கிவந்து, துருவைச் சுரண்டி, எஞ்சினைப் பிரித்து, மறுபடியும் ஓட வைப்பது அவர்களுடைய பைத்தியம். அச்சகக்காரர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், பல் டாக்டரம்மா, சர்வேயர் ஆகிய நால்வரும் நிரந்தரம். மற்றவர்கள் வருவார்கள் போவார்கள். போனில் ஒரு குழு வைத்து அதற்குத் 'துருப்பிடித்தோர் சங்கம்' என்று பெயரும் வைத்திருந்தார்கள். வெளியூர்க்காரர்களெல்லாம் எஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்து அதில் அனுப்புவார்கள். டாக்டரம்மா நோயாளியின் வாயைப் பிளந்து வைத்தபடியே ஒரு காதில் அதைக் கேட்டுவிட்டு, 'வால்வு இடைவெளி அதிகம்' என்று பதில் போடுவார். "எனக்கா டாக்டர்?" என்று ஒரு நோயாளி பயந்துபோய்க் கேட்டதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

இந்தக் கூட்டத்துக்கு சர்வேயரை அழைத்துவந்தது அச்சகக்காரர்தான். தங்கை கணவர் சதா வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார், நாலு பேரோடு பழகட்டும் என்று இழுத்துவந்தார். வந்தவர் அப்படியே ஒட்டிக்கொண்டார். நிலத்தை அளக்கிறவர் என்பதால் எதையும் கண்ணால் பார்த்து நம்பமாட்டார். கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள இடைவெளியைக்கூட அளந்து பார்த்துத்தான் திருகாணியை முடுக்குவார். "மாப்பிள்ளை, இது வண்டி, வாய்க்கால் தகராறு இல்ல" என்று அச்சகக்காரர் கிண்டல் செய்தால், "அளக்காம விட்டதாலதான் மச்சான் எல்லாத் தகராறும்" என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை காலை, வெயில் நன்றாக ஏறின பிறகு, கால்வாய் ஓரமாக நேராகப் போகிற ரோட்டில் போய்ப் பாலத்துச் சுவரில் மோதினார். எதிரே வண்டி எதுவும் வரவில்லை. ரோட்டில் டயர் தேய்ந்த தடமும் இல்லை. தடமே இல்லை என்றால் பிரேக் பிடிக்கவில்லை என்றுதானே பொருள்? எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். வண்டியைப் பிரித்துப் பார்க்காமலே காவல் துறையும் அப்படியே எழுதிக்கொண்டது.

அப்படிச் சொல்ல இன்னொரு காரணமும் இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு சர்வேயர் மச்சானுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். "மச்சான், பிரேக் பெடல் உள்ள போற மாதிரி இருக்கு. ஒரு வாட்டி வந்து பாக்கறீங்களா? அவசரமெல்லாம் இல்ல."

அன்று அச்சகத்தில் பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள் ஓடிக்கொண்டிருந்தது. அச்சகக்காரர் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பதில் அனுப்பினார். "மாப்பிள்ளை, பிரேக் டியூப்ல ஏர் புகுந்திருக்கும். நாலு வீல்லயும் ஏர் எடுத்துட்டு ஓட்டுங்க. ஒண்ணும் ஆகாது. எனக்கு இங்க தலைக்கு மேல வேலை. ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

"சரி மச்சான். நீங்க சொன்னா சரி" என்று பதில் வந்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அத்தனை உறவுக்காரர்களும் நிற்கும்போது, தங்கை தன் கணவரின் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பதிலை ஓட விட்டாள். மெஷின் சத்தமும் அதற்கு மேல் அவருடைய குரலும். ஒண்ணும் ஆகாது. அவள் கத்தவில்லை. "ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னியேண்ணா" என்றாள், அவ்வளவுதான். பக்கத்தில் அவளுடைய மகள் பள்ளிச் சீருடையில் நின்று மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அச்சகக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கொட்டகைப் பக்கம் போகவும் இல்லை. மெஷின் ஓடத் தொடங்கினாலே அவர் வெளியே வந்து தெருவில் நின்றுகொள்வதை வேலையாட்கள் பார்த்தார்கள். எதுவும் கேட்கவில்லை.

பச்சை வண்டியை இறக்கியபோது பஸ் டிரைவரும் டாக்டரம்மாவும் கொட்டகையில் காத்திருந்தார்கள். மூன்று பேரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். வழக்கமாக ஒரு வண்டி வந்து இறங்கினால் அங்கே சந்தைக்கடை மாதிரி இருக்கும். அன்று ரெக்கவரி வண்டிக்காரர் சங்கிலியை அவிழ்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"மேல தார்ப்பாயைப் போட்டு மூடிடுவோம்" என்றார் டிரைவர்.

"மூடி?" என்றார் டாக்டரம்மா.

"அப்புறம் பாத்துக்கலாம்மா. இப்ப எதுக்கு இதைக் கிளறிக்கிட்டு."

அவர் குரலில் ஏதோ தடுமாறியது. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், எதற்கும் அசராத ஆள். டாக்டரம்மா அவரையே பார்த்தார். டிரைவர் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றார். "மக வீட்டுக்குப் போறதுக்கு முந்தின நாள் நானும் அவருந்தான் இந்த வண்டி பிரேக்குக்குப் புது மாஸ்டர் சிலிண்டர் மாட்டினோம். நீங்க ரெண்டு பேரும் அன்னிக்கு வரல. ஏர் எல்லாம் எடுத்துட்டு, ஓட்டிப் பாத்துட்டுத்தான் போனேன். நல்லாத்தான் பிடிச்சுது. திரும்பி வந்தா பிரேக் போயி ஆள் செத்துட்டாருங்கறாங்க. எந்த நட்டை முடுக்காம விட்டேன்னு அன்னிலேருந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன். தூக்கமே இல்ல. உங்க தங்கச்சி உங்க மேல பழி போட்டப்ப வாயைத் தொறந்து சொல்லியிருக்கணும். பயந்துட்டேன் சார்."

அச்சகக்காரர் அவரைப் பார்த்தார். கோபம் வரவில்லை. இத்தனை நாளாகத் தான் மட்டும் சுமந்த பாரத்தை இன்னொருவரும் சுமந்துகொண்டிருந்தார் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ரெண்டு பேரும் இப்படியே குமைஞ்சு குமைஞ்சு சாகப் போறீங்களா?" என்றார் டாக்டரம்மா. "எந்தக் கோளாறுன்னாலும் பிரிச்சுப் பாத்துத்தானே நாம சொல்லுவோம். இதையும் பாத்துடுவோம். யார் தப்புன்னு வந்தாலும் வரட்டும்."

அவர் கைப்பையை ஓரமாக வைத்துவிட்டுக் கையுறையை மாட்டினார்.

முதலில் அச்சகக்காரர் டிரைவர் சீட்டில் ஏறினார். உடைந்த கண்ணாடித் துண்டுகளைத் துணியால் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். காலைத் தூக்கிப் பெடலில் வைக்க அவருக்கு நேரம் பிடித்தது. பிறகு அழுத்தினார்.

பெடல் கொஞ்ச தூரம் போய்க் கல் மாதிரி நின்றது.

மறுபடி அழுத்தினார். உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அப்படியே வைத்திருந்தார். பெடல் இறங்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்று வெளியிலிருந்து டிரைவர் கேட்டார்.

"கெட்டியா இருக்கு."

"உள்ள போகலையா?"

"போகல."

டாக்டரம்மா பானட்டை நெம்பித் திறந்தார். மோதிய பக்கம் எல்லாம் கூழாகிக் கிடந்தது. பிரேக் ஆயில் டப்பா அடுத்த பக்கம் பத்திரமாக இருந்தது. ஆயில் விளிம்பு வரை நின்றது. ஒழுகிய ஈரம் எங்கும் இல்லை. ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கினார்கள். முன்பக்க இடது சக்கரம் வளைந்துபோயிருந்ததால் அதைக் கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டிரம்மைத் தட்டிக் கழற்றிப் பார்த்தால் லைனிங் தடிமனாக, காய்ந்து சுத்தமாக இருந்தது. நான்கிலும் அப்படித்தான். நசுங்கிய பக்கத்தில்கூட பிரேக் டியூப் வளைந்திருந்ததே தவிர வெடிக்கவில்லை.

டிரைவர் தரையில் படுத்து வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தார்.

"இங்க வந்து பாருங்க" என்றார்.

ஏர் எடுத்து முடித்ததும் சக்கரத்துக்குப் பின்னால் ஏர் வெளியேறுகிற ஒவ்வொரு நிப்பிள் மேலும் ஒரு பொட்டு மஞ்சள் பெயின்ட் வைப்பது அவருடைய பழக்கம். டிப்போவில் கற்றுக்கொண்டது. யாராவது அதற்குப் பிறகு நிப்பிளைத் திறந்தால் பெயின்ட் உடைந்துவிடும். நான்கு நிப்பிளிலும் பொட்டு வைத்தது வைத்தபடி இருந்தது.

"நான் மாட்டினதுக்கப்புறம் யாரும் இதைத் தொடல" என்றார் டிரைவர். எழுந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. "என் வேலை சரியாத்தான் இருந்திருக்கு. கடவுளே. பிரேக் நல்லா இருக்கு சார். நீங்களும் தப்பிச்சீங்க. நீங்க சொன்ன மாதிரி அவர் ஏர் எடுக்கவே இல்ல. எடுக்க வேண்டிய அவசியமே இல்லாம நல்லாத்தான்..."

பாதியில் டிரைவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போதும் நம்பாமல் அச்சகக்காரர் மறுபடி போய்ப் பெடலை அழுத்திப் பார்த்தார். இறங்கி வந்தார்.

"அப்ப ஏன் பெடல் உள்ள போகுதுன்னு எனக்குச் சொன்னார்?"

டிரைவர் டார்ச்சை அணைத்தார்.

"தூங்கியிருக்கலாம்" என்றார் டிரைவர் கடைசியில். "பஸ்ல எத்தனை பேரைப் பாத்திருக்கேன், கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குவாங்க. இல்ல நெஞ்சுவலி..."

"ஆஸ்பத்திரியில நெஞ்சுல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்றார் அச்சகக்காரர். "நான் கேக்கறது அது இல்ல. அளக்காம ஒரு வார்த்தை சொல்லமாட்டார் மாப்பிள்ளை. நல்லா இருக்கற பெடலை ஏன் உள்ள போகுதுன்னு சொல்லணும்?"

டாக்டரம்மா கையுறையை மெதுவாகக் கழற்றினார்.

"என்கிட்ட சிலபேர் வருவாங்க" என்றார். "பல் வலிக்குதுன்னுவாங்க. எக்ஸ்ரே எடுத்தா ஒண்ணும் இருக்காது. எந்தப் பல்லுன்னு கேட்டா, இது, இல்ல அதுன்னு மாத்தி மாத்திக் காட்டுவாங்க. ஆரம்பத்துல எரிச்சலா வரும். அப்புறம் புரிஞ்சுது. அவங்களுக்கு வலிக்குது, ஆனா பல்லுல இல்ல. வேற எப்படி ஒருத்தர்கிட்ட போய் நிக்கறதுன்னு தெரியாம பல்லுன்னு சொல்லிக்கிட்டு வராங்க." கொஞ்சம் நிறுத்தினார். "வண்டியைப் பாக்க இல்ல, அவரைப் பாக்கத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கார் சார். அவ்வளவுதான்."

அச்சகக்காரர் பச்சை வண்டியின் காலி சீட்டைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஞாபகம் வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசி சில ஞாயிறுகளில் சர்வேயர் வேலை எதுவும் செய்யாமல் பச்சை வண்டியின் சீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 'என்ன, மாப்பிள்ளை விமானம் ஓட்டறாரா?' என்று அச்சகக்காரர்தான் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிச் சிரித்தார். தன்னுடைய நல்ல ஸ்பேனர் செட்டை சர்வேயர் டாக்டரம்மாவிடம் கொடுத்து, உங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும் என்றாராம். டாக்டரம்மா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாராம். இதை டாக்டரம்மாவே அப்போது சொன்னார்.

"தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க சார்" என்றார் டிரைவர். "பிரேக் நல்லா இருந்துது, உங்க மேல ஒரு தப்பும் இல்லன்னாவது அவங்களுக்குத் தெரியட்டும்."

"சொன்னா அடுத்து அவங்க என்ன கேப்பாங்க?" என்றார் டாக்டரம்மா.

டிரைவர் தரையில் கிடந்த சக்கர நட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

மறுநாள் மாலை அச்சகக்காரர் தங்கை வீட்டுக்குப் போனார். தெரு முனையில் நின்றே தீர்மானித்துவிட்டார். பிரேக்தான் போயிருந்தது, நான் சொன்ன யோசனை தப்பு என்று சொல்லிவிட்டு வந்துவிடுவது. அவள் என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்வது. திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தால் அவள் எப்படியாவது எழுந்து நிற்பாள்.

கதவைத் திறந்தது தங்கை. மருந்துக்கடை வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கடையின் நீல மேலங்கியைக்கூட இன்னும் கழற்றவில்லை. வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவர் உள்ளே போய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"வண்டியைப் பிரிச்சுப் பாத்தோம்மா."

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"பிரேக்தான். உள்ள ஏர் நிறைய இருந்திருக்கு. ஓட்டவே கூடாதுன்னு நான் சொல்லியிருக்கணும். நேர்ல வந்து பாத்திருக்கணும். பாக்காம வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அது என்..."

"பொய் சொல்லாத அண்ணா."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்குச் சின்ன வயசுலேருந்தே பொய் சொல்ல வராது. காது சிவந்துடும்." அவள் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள். உள்ளறையை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பிரேக் நல்லாத்தானே இருந்துச்சு?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "அந்த வாரம் பூரா வீட்டுல ஒவ்வொண்ணா சரி பண்ணாரு. ஒழுகற குழாய், கிறீச்சுங்கற கதவு, எல்லாம். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குன்னு என்னை உக்கார வச்சு சொல்லிக்கொடுத்தாரு. நான் கிண்டல் பண்ணேண்ணா. என்ன, துரை எங்கயாவது வெளியூர் போறீங்களான்னு கேட்டேன். சிரிச்சாரு. சனிக்கிழமையானா பொண்ணை அவருதான் வண்டியில கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போவாரு. அன்னிக்கு நீ பஸ்ல போயிடும்மான்னாரு. அப்பகூட எனக்கு உறைக்கல."

"எப்பலேருந்து இப்படி?"

"ரொம்ப மாசமா தூக்கமே இல்ல. உக்காந்திருப்பாரு. என்னன்னு கேட்டா ஒண்ணும் இல்லம்பாரு. டாக்டர்கிட்ட போலாம் வாங்கன்னு எத்தனை வாட்டி கூப்பிட்டேன். இந்த வண்டி சரியானா நானும் சரியாயிடுவேன், பாருன்னு சொன்னாரு. நானும் நம்பினேன். வண்டி சரியாயிடுச்சே அண்ணா. அவ்வளவு அழகா ஓடுச்சே."

அவள் அழுதாள். தாழ்வாரத்தில் அழாத அழுகை எல்லாம் இப்போது வந்தது, சத்தமே இல்லாமல். அவர் அவளுடைய தலையில் கை வைத்தார். அவள் தட்டிவிடவில்லை.

"அப்ப ஏன்மா அன்னிக்கு எல்லார் முன்னாடியும்..." என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அங்க நின்னவங்க எல்லாரும் எப்படி ஆச்சு, எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. என் பொண்ணு பக்கத்துல நின்னா. அவ காதுல வேற எதுவும் விழக்கூடாதுன்னு தோணுச்சு. போன்ல உன் குரல் இருந்துச்சு, எடுத்துப் போட்டுட்டேன். உன்மேல போட்டா நீ தாங்கிப்பன்னு நினைச்சேன். வேற யார் மேல போடுவேன், சொல்லு. அப்புறம் உன்னைப் பாத்தா உண்மையைச் சொல்லிடுவேனோன்னு பயந்துதான் பேசாம இருந்தேன்."

வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"நான் போயிருக்கணும்மா" என்றார் அவர். "கூப்பிட்டார். வந்து பாக்கறீங்களான்னு கேட்டார். பெடல் நல்லா இருந்தும் கேட்டிருக்கார்."

"தெரியும்." அவள் அதை ஆறுதலாகவும் சொல்லவில்லை, குற்றமாகவும் சொல்லவில்லை. "அதையும் நீதான் தாங்கிக்கணும். எனக்கு என் பங்கு இருக்கு." பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிரேக்குன்னே இருக்கட்டும்ணா. அவ பெரியவளாகி நல்லா நிக்கற வரைக்குமாவது. அப்பா தன்னை விட்டுட்டுப் போகணும்னு போனாருன்னு இப்ப அவளுக்குத் தெரிய வேண்டாம். உன்னை அவ வெறுக்கறா. இன்னும் கொஞ்சநாள் வெறுக்கட்டும். பொறுத்துப்பியா?"

"பொறுத்துக்கறேன்" என்றார்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தங்கை மகள் நின்றிருந்தாள். அப்பாவின் உயரம் அவளுக்கு வந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் மாமா வந்தால் சட்டைப் பையில் கையை விட்டு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிற பெண். இப்போது கைகளைக் கட்டிக்கொண்டு படியின் மேலே நின்றாள்.

"வண்டியைப் பிரிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தோம்மா."

"பிரேக்தானா?"

அவள் பின்னால், அறையின் அரை இருட்டில் தங்கை நிற்பது தெரிந்தது. அவர் தங்கையைப் பார்க்கவில்லை. பெண்ணின் கண்களை நேராகப் பார்த்தார். காது சிவக்கிறதோ என்று பயமாக இருந்தது.

"பிரேக்தான். உள்ள ஏர் இருந்துச்சு. உங்கப்பா என்கிட்ட கேட்டார். நான் போய்ப் பாக்காம ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டேன். உங்கப்பா மேல எந்தத் தப்பும் இல்ல."

"அவர் பிரேக் போட்டிருப்பாருல்ல? கடைசியில?"

"போட்டிருப்பார்மா. நல்லா அழுத்தித்தான் போட்டிருப்பார். பிடிக்கல."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழப் போகிறாள் என்று அவர் ஓர் அடி முன்னால் வைத்தார். அவள் பின்வாங்கினாள்.

"இனிமே எங்க வீட்டுக்கு வராதீங்க மாமா" என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தங்கை ஏதோ சொல்வதும், பெண் அதற்குப் பதில் சொல்வதும் தெளிவில்லாமல் கேட்டது. அவர் தெருவில் இறங்கி நடந்தார். கடைகளில் விளக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். தெரிந்தவர் ஒருவர் நின்று நலம் விசாரித்தார். அவரும் பதிலுக்கு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கொட்டகைக்குப் போனார். டிரைவரும் டாக்டரம்மாவும் வந்திருந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து பச்சை வண்டியைப் பாகம் பாகமாகக் கழற்றத் தொடங்கினார்கள். சரி செய்வதற்காக இல்லை. யாரும் இனி அதை ஓட்டுவதாக இல்லை. முதலில் பிரேக் பெடலைக் கழற்றச் சொன்னார் அச்சகக்காரர். டிரைவர் கழற்றிக் கொடுத்தார். அதை அவர் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, மற்ற இரும்போடு இரும்பாகத் தரையில் வைத்தார்.